இடது பக்கச் சிங்கம்

அத்தியாயம் 5

திருடப் போன இடத்தில் சாவகாசமாக உட்கார்ந்து தையல் வேலை பார்த்துவிட்டுப் போன திருடனைப் பற்றி டில்லி ஸ்ப்ராக் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டாள்.

அதுவும் போர் நினைவு ஞாயிறு அன்று. இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் ஊரே கோட்டில் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூவைக் குத்திக்கொண்டு, இழுப்பறையில் கிடந்த பதக்கங்களைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி மார்பில் மாட்டிக்கொண்டு, நினைவுத் தூணுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலை நேரம். இந்தியாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்து ஓய்வெடுக்கும் ராணுவ அதிகாரிகள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிற ஊர் அது. அன்று ஒருத்தர் தும்மினால்கூடச் சில்லறை கொட்டின மாதிரி சத்தம் வரும்.

"பாஸ், தையல் மிஷினையும் கூடவே தூக்கிட்டு வந்திருப்பானோ?" என்று கேட்டாள் டில்லி.

துப்பறிவாளர் லயனல் ஹேவுட் எல்லைப்புற அதிகாரிகள் கிளப்பின் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு, மூக்கு கண்ணாடியில் ஒட்டும்படி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று வரை அந்த நீல வெல்வெட்டின் மேல் ஆறு பதக்கங்கள் ஒரே சட்டத்தில் தைக்கப்பட்டு வரிசையாகத் தொங்கின. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் உளவுப் பிரிவில் இருந்து, போன வசந்தத்தில் காலமான மேஜர் எவரார்ட் ப்ளைத் வாங்கியவை. இப்போது நாலுதான் இருந்தன. வரிசையில் முதலாவதாக இருந்த வெள்ளைச் சிலுவையைக் காணோம். கடைசியாகப் பச்சை நாடாவில் தொங்கிய பாரசீகத்துச் சிங்கத்தையும் காணோம். மிச்ச நாலையும் திருடன் நெருக்கி, இடைவெளி தெரியாமல் அழகாகத் திரும்பத் தைத்து, பெட்டியைப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். வெல்வெட்டின் மேல் வெட்டிப் போட்ட நூல் துணுக்குகள் மட்டும் கிடந்தன.

கிளப் செயலாளர் கர்னல் வின்ட்டர்போர்னுக்கு இதில் துப்பறிய எதுவுமே இல்லை என்று அபிப்பிராயம். பெட்டிக்கு ஒரே சாவி. அது கிளப் சிப்பந்தி ஜோசப் ஹாடோவிடம்தான் இருக்கும். பூட்டு உடையவில்லை. ஆகவே ஹாடோதான். இதைச் சொல்லிவிட்டு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊர்வலம் முடிந்து எல்லோரும் திரும்பி வந்து ஷெர்ரி குடிக்கிற நேரத்தில் போலீசுக்கு போன் போட்டுவிடப் போகிறாராம்.

ஹாடோ கதவோரம் நின்றிருந்தார். அறுபது வயசு, ஒல்லி உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளை ஜாக்கெட். மாடியில் சமையலறைக்கு மேலே உள்ள அறைதான் அவருக்கு வீடு, வேறு போக்கிடம் கிடையாது. அந்த அறையைக் காலி செய்யச் சொல்லி ஏற்கெனவே உத்தரவாகி, அவருடைய பெட்டி படிக்கட்டின் கீழே கட்டி வைக்கப்பட்டிருந்தது. பெட்டியின் மேல் ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள்ளிருந்து பிரிகேடியர் என்ற பெயருள்ள மஞ்சள் பூனை உலகத்தையே முறைத்துக்கொண்டிருந்தது.

"நான் திருடல சார்," என்றார் ஹாடோ. நேற்று யாராவது வந்தார்களா, சாவியை யாரிடமாவது கொடுத்தாரா என்று ஹேவுட் எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தார். ஹாடோ வாயைத் திறக்கவில்லை.

"பார்த்தீங்களா, மேஜரே சிபாரிசு பண்ணி வேலைக்கு வெச்ச ஆள்," என்று கர்னல் பொருமினார். "பாரசீகத்துல, மெஷெத்துல அவர்கிட்டச் சிப்பாயா இருந்தவன். அந்த நன்றி வேண்டாம்?"

நாளைக்கு அந்தப் பதக்கங்கள் லண்டனில் ஒரு மியூசியத்துக்குப் போவதாக ஏற்பாடு. மேஜரின் மனைவி பக்கத்து ஊரான மால்வர்னில் இருக்கிறார், நெஞ்சுச் சளியோடு படுக்கையில். அவர் காதுக்கு இந்த விஷயமே போகக் கூடாது, போனால் தாங்க மாட்டார் என்றார் கர்னல். பிறகு, கேட்காமலே, சுவரில் மாட்டியிருந்த பெரிய எண்ணெய் ஓவியத்தின் கீழே போய் நின்றுகொண்டு மேஜரின் வீரக் கதையை ஆரம்பித்தார். வருஷா வருஷம் கிளப் விருந்தில் சொல்கிற கதை என்று அவர் தொண்டையைச் செருமியதிலேயே தெரிந்தது.

கதை நன்றாகத்தான் இருந்தது. 1918 கோடை. பாரசீக எல்லையில் மெஷெத் நகரத்தில் பிரிட்டிஷ் உளவு முகாம். எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யர்களின் அஷ்காபாத் ரயில் நிலையத்தில் எத்தனை வண்டி துருப்புகள் வந்து இறங்குகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. அனுப்பிய ஆள் ஒருத்தனும் திரும்பவில்லை. கடைசியில் மேஜர் ப்ளைத்தே ஆர்மீனியத் தையல்காரி வேஷம் போட்டுப் போனார். ரயில் நிலையத்துக்கு எதிரே கடை போட்டு, அந்தக் கோடை முழுக்க உட்கார்ந்து பஞ்சு வைத்த அங்கிகள் தைத்தார். ஒரு வண்டிக்கு ஒரு தையல் என்று அங்கியின் ஓரத்தில் கணக்குப் போட்டு, ஒட்டகச் சரக்கோடு மெஷெத்துக்கு அனுப்பினார். அதற்குத்தான் மன்னர் வெள்ளைச் சிலுவை கொடுத்தார், பாரசீகத்து ஷா சிங்கம் கொடுத்தார்.

டில்லி ஓவியத்தை அண்ணாந்து பார்த்தாள். ஆறடிக்கு மேல் உயரம். தோள் ரெண்டும் பீரோ அகலம். மூக்குக்குக் கீழே, துடைப்பக்கட்டையைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு மீசை.

"படம் எப்ப வரைஞ்சது சார்?"

"அதே கோடையிலதான். மெஷெத்துக்கு ஓடி வந்த ஒரு ரஷ்யன் வரைஞ்சான். ஏன்?"

"இல்ல, மீசையை எங்க வெச்சாருன்னு யோசிச்சேன்."

"முக்காடு," என்றார் கர்னல் பெருமையாக. "கெட்டி முக்காடு."

ஹேவுட் ஓவியத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு மறுபடி நூல் துணுக்குகளைப் பார்த்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மழையோ வெயிலோ, தலையை விட்டுத் தொப்பி இறங்காது. தொப்பி இறங்கினால் யோசனை ஏறிவிட்டது என்று அர்த்தம். டில்லி தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. சரி, நாமே ஆரம்பித்து வைப்போம் என்று முடிவு கட்டினாள். துப்பறிய வருவதற்கு முன்பு குளோஸ்டர் நகரத்தில் அடகுக்கடைக் கவுண்ட்டரில் இருந்தவள் அவள். அப்பா பதக்கம், தாத்தா பதக்கம், திருடின பதக்கம் எல்லாம் அவள் கையில் புரண்டவை.

"பாஸ், இவன் திருட்டுல எல்கேஜி கூடப் படிக்காதவன். ஒரு ஆளோட பதக்கம் வரிசையா ஒண்ணா இருந்தாத்தான் அதுக்கு விலை. பிரிச்சா மதிப்பு போச்சு. மொத்தச் சட்டத்தையும் உருவி பாக்கெட்ல போட எவ்வளவு நேரம் ஆகும்? இவன் உக்காந்து, தையலைப் பிரிச்சு, ரெண்டை எடுத்துட்டு, நாலைத் திரும்பத் தைச்சு வெச்சுட்டுப் போயிருக்கான். கஷ்டப்பட்டு உழைச்சு நஷ்டப்பட்டிருக்கான்."

தொப்பி இறங்கியது.

"அப்ப விக்கறதுக்கு எடுக்கல," என்றார் ஹேவுட். "போட்டுக்கறதுக்கு எடுத்திருக்கு. டில்லி, கோட்டை மாட்டு. இன்னிக்கு எங்க போய்ப் போட்டுப்பாங்க?"

கேள்வியே வேண்டாம். இருவரும் தெருவுக்கு ஓடினார்கள்.

பதக்கம் போடுவதில் அந்த ஊருக்கு ஒரு சட்டம் இருந்தது. அவரவர் வாங்கியதை இடது மார்பில் போட வேண்டும். செத்துப்போன அப்பாவோ கணவனோ வாங்கியதை மற்றவர்கள் வலது மார்பில்தான் போட வேண்டும். இதில் பக்கம் மாற்றிப் போட்டவனுக்குச் செல்ட்டன்ஹாமில் கல்யாணத்துக்குப் பெண் கிடைக்காது. ஆக, இறந்துபோன மேஜரின் சிங்கம் எங்கே தொங்கினாலும் வலது பக்கம்தான் தொங்க வேண்டும்.

"நீ அந்த வரிசை, நான் இந்த வரிசை," என்றார் ஹேவுட். "வலது பக்கம் மட்டும் பாரு. பச்சை நாடா, சிங்கம், கையில வாள்."

சொல்வது சுலபம். நினைவுத் தூணைச் சுற்றி ஊரே திரண்டிருந்தது. டில்லி குனிந்து குனிந்து ஒவ்வொரு நெஞ்சாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு கசாப்புக்கடைக்காரர் மார்பில் அவர் அண்ணனின் பதக்கங்கள் நாலு, சிங்கம் இல்லை. பல் டாக்டர் மார்பில் தாத்தாவுடையது, யானை இருந்தது, சிங்கம் இல்லை. பருமனான ஒரு சீமாட்டி, என்ன தேடுகிறாய் பெண்ணே என்று கேட்டதற்கு, உங்கள் பாப்பி கோணலாக இருக்கிறது என்று சொல்லித் தப்பித்தாள். ஓய்வுபெற்ற கப்பற்படை அதிகாரி ஒருவர் தன் நெஞ்சில் அவள் கண் நிலைகுத்தியதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, தான் மனைவியை இழந்தவர் என்றும் தோட்டம் நல்ல தோட்டம் என்றும் சொல்லி, செவ்வாய்க்கிழமை தேநீருக்கு அழைத்தார். டில்லி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பூனைக்கூடையைத் தூக்கிக்கொண்டு மழையில் நிற்கும் ஹாடோவின் முகம் அவள் கண் முன்னால் வந்து வந்து போயிற்று. அறுபது வயசில் திருட்டுப் பட்டத்தோடு தெருவுக்குப் போகிறவருக்கு யார் அறை தருவார்கள்? பரபரப்பில் கையிலிருந்த பெப்பர்மின்ட்டை முழுசாக விழுங்கிவிட்டாள்.

கூட்டத்தின் நடுவில் ஹேவுட்டை முட்டிக்கொண்டபோது அவரும் வெறுங்கையோடுதான் வந்தார். "வலது பக்கம் ஒண்ணு விடாம பாத்துட்டேன்," என்றார். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மாதா கோயில் மணி பதினொன்று அடிக்க ஆரம்பித்தது.

ஆண்கள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். பியூகிள் ஊதி ஓய்ந்தது. இரண்டு நிமிட மௌனம். அந்த இரண்டு நிமிடத்தில் அந்த ஊரில் நாய்கூடக் குரைக்காது.

விழுங்கின பெப்பர்மின்ட் டில்லியின் தொண்டைக்குள் ஏதோ சதி செய்துகொண்டிருந்தது. விக்கல் வரப் போகிறது என்று தெரிந்தது. மூச்சைப் பிடித்தாள். கண்ணை எங்காவது வைக்க வேண்டுமே என்று எதிர்ப்பக்கத்தில் விதவைகளின் வரிசையைப் பார்த்தாள். முன்வரிசைக் கோடியில் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு குட்டையான அம்மாள். சுமார் அறுபத்தைந்து வயசிருக்கும். முதுகு மட்டும் சிப்பாய் மாதிரி விறைப்பு. கோட்டில் ஒரு வெள்ளைச் சிலுவை, பக்கத்தில் பச்சை நாடா, அதில் வாளேந்திய சிங்கம்.

இடது மார்பில்.

"ஹிக்," என்றாள் டில்லி.

கூட்டத்திலிருந்த தளபதிகள் எல்லாம் திரும்பி முறைத்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஹேவுட்டின் காலை ஓங்கி மிதித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பார்வை போன திசையில் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாவம், பக்கம் தெரியாத பாட்டியம்மா, திருடத் தெரிந்தது போடத் தெரியவில்லை என்று டில்லி நினைத்தாள். அதைச் சொல்ல நாக்கு துடித்தது. சொல்ல முடியாது. பாஸுக்கு ஏதாவது யோசனை வந்ததா என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை, தொப்பிதான் ஏற்கெனவே கையில் இருக்கிறதே. அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமான இரண்டு நிமிடம் வந்ததில்லை.

மறுபடி பியூகிள் ஊதியது. எல்லோரும் தொப்பியை மாட்டிக்கொண்டார்கள்.

ஹேவுட் மாட்டிக்கொள்ளவில்லை. கையில் பிடித்தபடியே கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அந்த அம்மாளிடம் போனார். டில்லி விக்கிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

"மிசஸ் ப்ளைத்?"

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். நெஞ்சுச் சளி கொஞ்சம் இருந்தது, பயம் துளியும் இல்லை.

"பதக்கம் இடது பக்கம் இருக்கு மேடம்."

"தெரியும். இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தோட குடித்தனம் பண்ணியிருக்கேன்."

"அப்ப இன்னொண்ணு மட்டும் கேக்கறேன். மிச்ச நாலையும் ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

"அது நாலும் அவர் சம்பாதிச்சது," என்றார் மிசஸ் ப்ளைத். "அடுத்தவங்க பொருள்ல நான் கை வைக்கிறதில்ல."

டில்லிக்கு விக்கல் நின்றுவிட்டது. அந்த மீசை, அந்த முக்காடு, அஷ்காபாத்தில் ரயில் நிலையத்துக்கு எதிரே குனிந்து அங்கி தைத்த தையல்காரி, கண்ணாடிப் பெட்டியில் நெருக்கித் தைத்த அந்த அழகான தையல், எல்லாம் ஒரே நேரத்தில் அவள் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தன. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓர் ஊர் பூராவும், படித்த அதிகாரிகள் இத்தனை பேர், ஆறடி மீசைக்காரர் பொம்பளை வேஷம் போட்டு ஒரு கோடை முழுக்கத் தப்பித்தார் என்பதை நம்பியிருக்கிறார்கள். அவர் பெண்டாட்டி போயிருப்பாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மிசஸ் ப்ளைத் சுருக்கமாகத்தான் சொன்னார். அவருக்கு ஆர்மீனிய பாஷை தெரியும், ஊசி பிடிக்கத் தெரியும். மேஜருக்கு ரெண்டும் தெரியாது. ஆனால் மேலிடத்துக்கு ஒரு பெண்ணை அனுப்பினோம் என்று எழுத முடியாது. மேஜர் தன் பெயரைப் போட்டார். பதக்கம் வந்ததும் அவர் வெட்கப்பட்டு அழுதாராம்.

"ஒவ்வொரு வருஷமும் இந்த நாள்ல ஊர்வலம் முடிச்சு வீட்டுக்கு வருவார். ரெண்டையும் கழட்டி என் கவுன்ல குத்துவார். சமையல்கட்டுல நின்னு எனக்கு ஒரு சல்யூட் வெப்பார். அப்புறம் டீ சாப்பிடுவோம். இந்த வருஷம் குத்தறதுக்கு அவர் இல்ல. நாளைக்கு லண்டனுக்குப் போயிடுமாம். ஒரு தடவையாவது வெளியில போட்டுக்கணும்னு ஆசை வந்துடுச்சு. சாயந்திரம் கொண்டு போய்த் தைச்சு வெச்சுடலாம்னுதான் இருந்தேன்."

டில்லியின் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அது பிடிக்காது, ஆனால் கலங்கிவிட்டது. அப்போதுதான் பூனைக்கூடை நினைவுக்கு வந்தது.

"மேடம், நேத்து பெட்டியைத் திறந்துவிட்டது ஹாடோதானே?"

"ஆமா. பக்கத்துல நின்னு விளக்கைப் பிடிச்சிக்கிட்டான். ஏன்?"

"அவரைத் திருடன்னு சொல்லி இன்னிக்கு வெளியே தள்ளறாங்க. கர்னல் இந்நேரம் போன் பக்கத்துல இருப்பார். ஹாடோ உங்க பேரை மூச்சுக்கூட விடல."

மிசஸ் ப்ளைத்துக்கு நெஞ்சுச் சளி என்று யாராவது சொன்னால் டில்லி இனி நம்ப மாட்டாள். அந்த அம்மாள் கிளப்புக்கு நடந்த வேகத்தில், இருவரும் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

கூடத்தில் அதிகாரிகள் ஷெர்ரிக்காகக் காத்து நின்றார்கள். கர்னல் டெலிபோனைக் கையில் எடுத்திருந்தார். ஹாடோ கோட்டு மாட்டிக்கொண்டு, கூடையைத் தூக்கிப் பிடித்தபடி படிக்கட்டின் கீழே நின்றார். மிசஸ் ப்ளைத் உள்ளே நுழைந்ததும் கர்னலின் கண் அவர் மார்பில் விழுந்தது. காணாமல் போன பதக்கங்கள் எதிரே தொங்குகின்றன. அது கர்னலுக்குப் பெரிதாகப் படவில்லை.

"மேடம்," என்றார் அதிர்ச்சியோடு, "அது வலது பக்கம் இருக்கணும்."

"கர்னல், அந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்க," என்றார் மிசஸ் ப்ளைத். "உங்ககிட்ட இந்த மீசையோட ஒரு தையல்காரி வந்தா, கோட்டுக்கு அளவு குடுப்பீங்களா?"

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு அந்தக் குட்டையான அம்மாளைப் பார்த்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்தார்கள். அன்றைய தினத்தின் இரண்டாவது மௌன அஞ்சலி அங்கே நடந்தது.

"முக்காடு..." என்று ஆரம்பித்த கர்னல் பாதியிலேயே நிறுத்தினார். டெலிபோன் அதன் இடத்துக்குத் திரும்பிப் போயிற்று. ஆனால் அவ்வளவு சீக்கிரம் தோற்கிற மனுஷர் இல்லை அவர். ஹாடோ பக்கம் திரும்பி, இது உண்மையாக இருந்தால் காலையிலேயே சொல்லித் தொலைப்பதற்கு என்ன, வீடு வாசல் போகிற நேரத்தில்கூட ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றாய் என்று கேட்டார்.

ஹாடோ கூடையைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றார்.

"மெஷெத்துல மேஜர் உத்தரவு போட்டார் சார். மேடம் எங்க போறாங்க, என்ன பண்றாங்கன்னு யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு. அந்த உத்தரவை யாரும் இன்னும் வாபஸ் வாங்கல."

டில்லி ஹேவுட்டைப் பார்த்தாள். அவர் தொப்பி இன்னும் கையில்தான் இருந்தது. இந்தத் தடவை அது யோசனைக்காக இல்லை.

மிசஸ் ப்ளைத் ஹாடோவின் முன்னால் போய் நின்றார். முப்பத்தைந்து வருஷம் ஒரு மனுஷன் தனக்காக வாயைப் பூட்டி வைத்திருந்தான் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"உத்தரவு வாபஸ், ஹாடோ."

"சரிங்க மேடம்," என்றார் ஹாடோ.

ஒரு பெரிய மூச்சு விட்டார். பிறகு கர்னலைப் பார்த்து, "சார், அந்த அஷ்காபாத் கழுதையைப் பத்தி உங்களுக்குத் தெரியாது," என்று தொடங்கினார். மேடத்தைக் கழுதை மேல் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டதே அவர்தானாம். கழுதை வழியில் ஒரு ரஷ்ய அதிகாரியின் தொப்பியைத் தின்றுவிட்டதாம். அதற்கு மேடம் அந்த அதிகாரிக்குப் புதுத் தொப்பி தைத்துக் கொடுத்து, தைக்கும்போதே அவர் வாயைக் கிளறி அடுத்த வண்டி எப்போது வரும் என்று தெரிந்துகொண்டாராம். கழுதை முடிந்ததும் ஒட்டகம் வந்தது, ஒட்டகத்துக்குப் பிறகு மேஜரின் அழுகை வந்தது. தளபதிகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மிசஸ் ப்ளைத் சிரித்துச் சிரித்து இருமினார். பூனை கூடையிலிருந்து தானே வெளியே வந்து, கட்டி வைத்த பெட்டியின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது.

ஷெர்ரி ஊற்றத்தான் ஆள் இல்லை. கடைசியில் கர்னல் வின்ட்டர்போர்ன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஹாடோவின் முன்னால் வந்தபோது ஒரு கணம் தயங்கி, அவருக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார். ஹாடோ அதைக் கவனிக்கவே இல்லை. அவர் இப்போதுதான் இரண்டாவது கழுதைக்கு வந்திருந்தார்.